கோளக் கொத்துகளின் செம்பெருமீன்கள்: பூர்வீகம் எது, சுயசம்பாத்தியம் எது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கைத் தீர்க்க வருபவர், எது பூர்வீகம், எது சுயசம்பாத்தியம் என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். முதிய விண்மீன்களின் மேற்பரப்பில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வானியலாளர்களுக்கும் அதே வேலைதான் வாய்த்திருக்கிறது. ஒரு செம்பெருமீனில் மிகுந்து காணப்படும் சோடியம், அது பிறந்த வளிமத்திலேயே கலந்திருந்ததா, அல்லது பிறந்த பின் தன் வயிற்றுக்குள் தானே ஆக்கிக்கொண்டதா? இந்த வழக்கு தீர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அதை ஒட்டி வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

கோளக் கொத்து என்பது என்ன?

தம்முடைய ஈர்ப்பினால் கட்டுண்டு, உருண்டையாகத் திரண்டு நிற்கும் பழைய விண்மீன்களின் கூட்டமே கோள விண்மீன் கொத்து. சுருக்கமாகக் கோளக் கொத்து. ஒரு கொத்தில் சில பத்தாயிரம் மீன்களும் இருக்கலாம், பத்து இலட்சத்துக்கு மேலும் இருக்கலாம். நமது பால்வழி மண்டலத்தில் இத்தகைய கொத்துகள் 150-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றின் வயது 1,000 கோடி ஆண்டுகளைத் தாண்டியது. சூரியனின் வயதோ சுமார் 460 கோடி ஆண்டுகள்தான்.

செம்பெருமீன் என்றால் திருவாதிரையைப் போன்றதா?

இல்லை, இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. திருவாதிரையும் கேட்டையும் சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் நிறை கொண்ட மீப்பெருமீன்கள். அவற்றின் வாழ்நாள் சில கோடி ஆண்டுகளுக்கு மேற்படாது. கோளக் கொத்துகளில் அவ்வகை மீன்கள் எப்போதோ வெடித்து முடிந்துவிட்டன. அங்கே இன்று செம்பெருமீனாக நிற்பவை சூரியனின் நிறையில் ஏறத்தாழ 0.8 பங்கே உள்ள சிறிய மீன்கள்.

அவற்றின் நடுவில் இருந்த ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்து ஹீலியமாகிவிட்டது. அந்த ஹீலியக் கருவைச் சுற்றி மெல்லிய ஓடுபோன்ற பகுதியில் மட்டும் ஹைட்ரஜன் எரிகிறது. அந்த ஓட்டின் வெப்பத்தால் மேலடுக்கு ஊதிப் பெருக்கிறது. மேற்பரப்பு 4,000 முதல் 5,000 கெல்வின் வரை குளிர்ந்து செந்நிறம் கொள்கிறது. ஒளியோ உச்சநிலையில் சூரியனைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்காகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் மீன்களில் இவ்வகைக்கு நெருங்கிய உறவு சுவாதிதான். சுமார் 4,300 கெல்வின் வெப்பமும், சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு இரும்பும் கொண்ட சுவாதியின் நிறமாலையை, இத்துறையினர் தங்கள் அளவீடுகளைச் சரிபார்க்கும் உரைகல்லாகவே பயன்படுத்துகிறார்கள்.

கொத்தில் இலட்சக்கணக்கான மீன்கள் இருக்க, செம்பெருமீன்களையே ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஒளி போதுமானதாக இருப்பதுதான் முதல் காரணம். நிறமாலையை நுணுக்கமாக விரிக்க வேண்டுமானால் வந்து சேரும் ஒளியை இருபதாயிரம், நாற்பதாயிரம் நுண்பகுதிகளாகப் பிரித்தாக வேண்டும். கொத்தின் உச்சியிலுள்ள செம்பெருமீன்கள், அதே கொத்தில், நடுவில் ஹைட்ரஜனை எரிக்கும் 'முதன்மைத் தொடர்' என்னும் பருவத்தை விட்டு இப்போதுதான் நகரத் தொடங்கும் நிலையிலுள்ள மீன்களைவிட நூறு மடங்குக்கும் மேல் ஒளிர்பவை. எட்டு மீட்டர் தொலைநோக்கிகள் வருவதற்கு முன் கொத்து மீன்களின் தனிம ஆய்வு என்றாலே செம்பெருமீன் ஆய்வு என்றிருந்ததற்கு இதுவே காரணம். மேலும், குளிர்ந்த மேற்பரப்பில் வரிகள் வலுவாக எழுகின்றன. இரும்பு குறைந்த கொத்துகளில்கூட அளக்கத்தக்க வரிகள் கிடைக்கின்றன.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கொத்தின் மீன்கள் எல்லாம் ஒரே தொலைவில், ஏறத்தாழ ஒரே வயதில் இருப்பவை. எனவே ஒரு மீனின் நிறத்தையும் ஒளியையும் கொண்டே அதன் வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு ஆகியவற்றை நெருக்கமாகக் கணித்துவிடலாம். தனியே திரியும் மீன்களில் இந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை.

அளக்கப்படும் மீன் அந்தக் கொத்தைச் சேர்ந்ததுதான் என்று எப்படித் தெரியும்?

கொத்து முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதால் தெரியும். ஒமேகா சென்டாரி என்னும் கொத்து நம்மைவிட்டு வினாடிக்கு 230 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் விலகுகிறது. மெசியே 13 என்னும் கொத்து ஏறத்தாழ 245 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குகிறது. வழியில் குறுக்கிடும் மீனுக்கு இந்த வேகம் பெரும்பாலும் இராது. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் வானத்தின் குறுக்கே மீன்கள் நகரும் வேகத்தையும் அளந்து தந்த பிறகு ஐயத்துக்கு இடம் மிகக் குறைந்துவிட்டது.

ஒளியைக் கொண்டு தனிமத்தின் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால், வண்ணப் பட்டையின் குறுக்கே கருவரிகள் தென்படும். மீனின் வளிமண்டலத்திலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களில் ஒளியை உட்கவர்வதால் உண்டாகும் வரிகள் அவை. சோடியத்துக்கு 5,682, 5,688, 6,154, 6,160 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) வரிகளும், அலுமினியத்துக்கு 6,696, 6,698 வரிகளும், லித்தியத்துக்கு 6,708-ஐ ஒட்டிய வரியும் வழக்கமாக அளக்கப்படுகின்றன. மஞ்சள் தெருவிளக்குகளால் நமக்குப் பழகிய 5,890, 5,896 சோடிய வரிகள் இதற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. செம்பெருமீன்களில் அவை அளவுக்கு மீறி வலுத்துவிடுவதால், சோடியம் இன்னும் கூடினாலும் வரி அதற்கேற்ப வளர்வதில்லை. போதாக்குறைக்கு, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் மிதக்கும் வளிமத்தின் சோடியமும் அங்கே வந்து கலக்கிறது.

வரி ஆழமாக இருந்தால் தனிமம் மிகுதி என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. ஓர் அணு எந்த ஆற்றல் நிலையில் நிற்கிறது, எலக்ட்ரானை இழந்து அயனியாகியிருக்கிறதா என்பதெல்லாம் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்தவை. மேகநாத் சாகா 1920-இல் தந்த சமன்பாடு இதைத்தான் கணக்காக்கியது. எனவே ஒவ்வொரு மீனுக்கும் வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, வளிமத்தின் நுண்கொந்தளிப்பு, மொத்த உலோக அளவு என்னும் நான்கையும் முதலில் நிறுவி, அவற்றுக்கேற்ற வளிமண்டல மாதிரி ஒன்றைக் கணினியில் அமைக்கிறார்கள். அந்த மாதிரியில் எவ்வளவு சோடியம் இட்டால் கண்ணால் கண்ட வரி கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். சமைத்த குழம்பைச் சுவைத்துப் பார்த்து, எத்தனை கரண்டி உப்பு போட்டிருப்பார்கள் என்று திரும்பச் சமைத்துப் பார்த்துச் சொல்வதைப் போன்றது இது.

ஆக்சிஜனை அளப்பது தனித் தொல்லை. செம்பெருமீன்களில் நம்பத்தக்க வரி 6,300.3 ஆங்ஸ்ட்ராமில் மெல்லியதாகக் கிடக்கிறது. அதே அலைநீளத்தில் பூமியின் மேல் வளிமண்டலம் தானும் ஒளிர்கிறது; அக்கம்பக்கத்தில் நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனின் வரிகளும் குறுக்கிடுகின்றன. கொத்தின் வேகம் இங்கே கைகொடுக்கிறது: ஒமேகா சென்டாரியின் வேகத்தில் அந்த வரி ஏறத்தாழ 5 ஆங்ஸ்ட்ராம் இடம்பெயர்ந்து தனித்துத் தெரியும்.

"உலோகம்", "மைனஸ் 1.5" என்பவற்றுக்கு என்ன பொருள்?

ஹீலியத்துக்கு அப்பாற்பட்ட எல்லாத் தனிமங்களையும் வானியலாளர்கள் உலோகம் என்றே சொல்கிறார்கள். ஆக்சிஜன்கூட அவர்கள் கணக்கில் உலோகம்தான். வேதியியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க. அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது: சூரியனில் உள்ள இரும்பு–ஹைட்ரஜன் விகிதம் சுழியம் என்றால், மைனஸ் 1 என்பது அதில் பத்தில் ஒரு பங்கு, மைனஸ் 2 நூறில் ஒரு பங்கு. 47 டுக்கானே கொத்துக்கு இந்த எண் சுமார் மைனஸ் 0.7, அதாவது சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு. மெசியே 13-க்கு மைனஸ் 1.5, முப்பதில் ஒரு பங்கு. மெசியே 92-க்கு மைனஸ் 2.3, இருநூறில் ஒரு பங்கு.

இரும்பு இவ்வளவு குறைந்தாலும், இரும்புடன் ஒப்பிடும்போது மெக்னீசியம், சிலிக்கான், கால்சியம் முதலியவை சூரியனில் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருக்கின்றன. பெருநிறை மீன்களின் வெடிப்பு இத்தனிமங்களை விரைவில் தந்துவிடும். இரும்பைப் பெருமளவில் தரும் வெண்குறுமீன் வெடிப்புகளோ காலம் தாழ்த்தியே வரும். அவை வந்து சேருமுன் கொத்துகள் பிறந்துவிட்டன என்பதற்கு இது சான்று.

ஒரே கொத்தில் பிறந்த மீன்கள் எல்லாம் ஒரே கலவையில்தானே இருக்க வேண்டும்?

இரும்பைப் பொறுத்தவரை ஆம். பெரும்பாலான கொத்துகளில் மீனுக்கு மீன் இரும்பின் வேறுபாடு பத்து விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அதிலும் ஒரு பகுதி அளவீட்டுப் பிழை. இதைக் கண்டு, கொத்து என்பது ஒரே வளிமத்தில் ஒரே சமயத்தில் வார்க்கப்பட்டது என்று நீண்ட காலம் பாடநூல்கள் எழுதிவந்தன.

இலேசான தனிமங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. 1971-இல் வேய்ன் ஆஸ்போர்ன், மெசியே 5, மெசியே 10 ஆகிய கொத்துகளில் ஒத்த ஒளியும் நிறமும் கொண்ட செம்பெருமீன்களுள் சிலவற்றில் மட்டும் சயனோஜன் மூலக்கூற்றின் பட்டைகள் வழக்கத்துக்கு மாறாக வலுத்திருப்பதைக் கண்டார். கார்பனும் நைட்ரஜனும் மீனுக்கு மீன் மாறுகின்றன என்பதே அதன் பொருள். 1980-இல் ரூத் பீட்டர்சன், மெசியே 13-இல் சோடியமும் அப்படியே மாறுவதைக் காட்டினார்.

சோடியம்–ஆக்சிஜன் எதிரிணைவு என்று சொல்கிறார்களே, அது என்ன?

ஒரு கொத்தின் செம்பெருமீன்களை வரிசையாக நிறுத்தி, ஆக்சிஜனை ஓர் அச்சிலும் சோடியத்தை மற்றோர் அச்சிலும் குறித்தால், புள்ளிகள் சிதறிக் கிடப்பதில்லை. ஆக்சிஜன் குறையக் குறையச் சோடியம் ஏறுகிறது. 1990-களில் ராபர்ட் கிராஃப்ட், கிறிஸ்டோபர் ஸ்னெடன் முதலியோர் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்திலிருந்து ஒவ்வொரு கொத்தாக இதை அளந்து காட்டினார்கள். மெசியே 13 அவற்றுள் மிகத் தீவிரமானது: அங்கே ஆக்சிஜன் மிக்க மீனுக்கும் மிகக் குறைந்த மீனுக்கும் இடையே பத்து மடங்குக்கும் மேல் வேறுபாடு உண்டு.

பிறகு யூஜினியோ கரெட்டா தலைமையிலான இத்தாலியக் குழு, சிலியின் பரனால் மலையிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியில், ஒரே நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மீன்களின் ஒளியை இழைகள் வழியே ஏந்தும் கருவியைக் கொண்டு 15 கொத்துகளின் 1,409 செம்பெருமீன்களை அளந்து 2009-இல் வெளியிட்டது. கொத்துக்கு வெளியே, பால்வழியைச் சூழ்ந்த வெளிமண்டலத்தில் திரியும் பழைய மீன்களை ஒத்த இயல்பான கலவை கொண்டவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எஞ்சியவை எல்லாம் ஏதோ ஓர் அளவில் சோடியம் மிகுந்து ஆக்சிஜன் குறைந்தவை. ஆக, "வழக்கத்துக்கு மாறான" மீன்களே கொத்தில் பெரும்பான்மை. ரூப்ரெக்ட் 106 போன்ற அரிய விலக்குகள் நீங்கலாக, போதிய மீன்கள் அளக்கப்பட்ட ஒவ்வொரு கொத்திலும் இது தென்படுகிறது.

அந்தச் சோடியத்தைச் செம்பெருமீன் தானே ஆக்கிக்கொண்டிருக்கலாமே?

முதலில் பலரும் நினைத்தது அதைத்தான். நினைத்ததில் தவறும் இல்லை. ஹைட்ரஜன் மிகு வெப்பத்தில் எரியும்போது கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவை வினையூக்கிகளாக நின்று ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுகின்றன. முடிவில் கார்பனும் ஆக்சிஜனும் குறைந்து நைட்ரஜன் பெருகுகிறது. வெப்பம் 4 கோடி, 5 கோடி கெல்வினை எட்டினால், நியான் ஒரு புரோட்டானைப் பிடித்துச் சோடியமாகிறது. 7 கோடியைத் தாண்டினால் மெக்னீசியம் குறைந்து அலுமினியம் பெருகுகிறது. ஆக்சிஜன் தேய்வதும் சோடியம் வளர்வதும் ஒரே அடுப்பில் நடக்கும் வேலைகள் என்பதால் எதிரிணைவு தானாகவே விளங்கிவிடுகிறது. செம்பெருமீனுக்குள் ஹைட்ரஜன் எரியும் ஓடு இருக்கிறது. ஏதோ ஒரு கலக்கம் அந்த ஓட்டின் விளைபொருளை மேலே கொண்டுவருகிறது என்று கொண்டால் கணக்கு முடிந்தது. இதுதான் சுயசம்பாத்தியக் கட்சியின் வாதம்.

அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. 0.8 சூரிய நிறையுள்ள மீனின் எரியும் ஓடு, மெக்னீசியத்தை அலுமினியமாக்கும் வெப்பத்தைச் செம்பெருமீன் பருவத்தின் பெரும்பகுதியில் எட்டுவதில்லை. ஆனால் மெசியே 13-இலும் என்ஜிசி 6752 என்னும் கொத்திலும் அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அடுத்தது, கொத்துக்கு வெளியே அதே நிறையும் அதே இரும்பளவும் கொண்டு திரியும் செம்பெருமீன்களில் இந்த எதிரிணைவு காணப்படவில்லை. உள்ளே நடப்பது மீனின் சொந்த வேலையென்றால், அது கொத்துக்குள் இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன?

தீர்ப்பைத் தந்தது 2001-இல் ரஃபாயெல் கிராட்டன் குழு வெளியிட்ட அளவீடு. பரனால் தொலைநோக்கியைக் கொண்டு அவர்கள் என்ஜிசி 6752 கொத்தில் செம்பெருமீன்களை விட்டுவிட்டு, முதன்மைத் தொடரை விட்டு விலகும் இடத்தில் நிற்கும் மங்கிய மீன்களின் நிறமாலையை எடுத்தார்கள். அவை இன்னும் பெருக்கத் தொடங்காதவை; அவற்றின் நடு வெப்பம் சோடியத்தை ஆக்கப் போதாது; ஆக்கினாலும் மேற்பரப்புக்குக் கொண்டுவரத்தக்க கலக்கம் அவற்றில் இல்லை. அவற்றிலும் அதே எதிரிணைவு இருந்தது. சோடியம் பூர்வீகச் சொத்துதான் என்பது அத்தோடு உறுதியாயிற்று: இந்த மீன்கள் பிறந்த வளிமத்திலேயே, வேறு ஏதோ மீன்களின் வயிற்றில் வெந்த பொருள் கலந்திருந்தது.

அப்படியானால் செம்பெருமீன் தானாக எதையுமே மாற்றுவதில்லையா?

மாற்றுகிறது. அது ஈட்டுவதும் இழப்பதும் வேறு தனிமங்களில். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் பூர்வீகத்தைப் படிக்க வேண்டும்.

மீன் பெருக்கத் தொடங்கும்போது அதன் வெப்பச்சலன அடுக்கு ஆழமாக இறங்கி, முன்பு அணுக்கரு வினைகள் ஓரளவு நடந்த பகுதிவரை சென்று, அங்குள்ளதை மேலே கொண்டுவருகிறது. ஏரியின் அடி வண்டலைத் தூர்வாரி மேலே போடுவது போன்ற இதை முதல் தூர்வாரல் எனலாம். 25 இலட்சம் கெல்வினிலேயே அழிந்துவிடும் லித்தியம் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் தப்பியிருக்கும். தூர்வாரலில் அது லித்தியமற்ற பொருளோடு கலந்து ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகிறது. கார்பன் சற்றுக் குறைந்து நைட்ரஜன் சற்று ஏறுகிறது.

கதை அங்கே நிற்பதில்லை. மேலேறும் வழியில், முன்பு தூர்வாரல் எட்டிய எல்லையை எரியும் ஓடு வந்து தொடும்போது மீனின் வளர்ச்சி சிறிது தயங்குகிறது. கொத்தின் ஒளிப் பங்கீட்டில் அவ்விடத்தில் மீன்கள் குவிந்து ஒரு மேடு போலத் தெரியும். அந்த மேட்டைத் தாண்டிய மீன்களில் எஞ்சிய லித்தியமும் மறைகிறது. கார்பன் தொடர்ந்து தேய்கிறது. கார்பன்–12க்கும் கார்பன்–13க்கும் உள்ள விகிதம் சூரியனில் ஏறத்தாழ 90 ஆக இருக்க, இவற்றில் 4 அல்லது 5 என்ற அளவுக்கு விழுகிறது. எளிய வெப்பச்சலனக் கோட்பாடு இதை எதிர்பார்க்கவில்லை. 2007-இல் கொரின் ஷார்பொனெல், ழான்–போல் ஸான் இருவரும், எரியும் ஓட்டின் வெளி விளிம்பில் கனம் குறைந்த பொருள் கீழே உருவாவதால் எழும் மெல்லிய கலக்கமே காரணம் என்று முன்மொழிந்தார்கள்; அது கேட்கப்படும் வேகத்தில் கலக்குமா என்பதில் கணினி மாதிரிகளுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. எப்படியாயினும், ஒரு செம்பெருமீனின் கார்பன் அளவை மட்டும் வைத்து அதன் பிறப்பைப் பற்றிப் பேசுவது கூடாது. சோடியம், அலுமினியம் ஆகியவற்றைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

பூர்வீகம் என்றால், விட்டுச்சென்ற முன்னோர் யார்?

வாரிசுரிமை உறுதியாயிற்று, சொத்தை எழுதிவைத்தவர் யார் என்பதுதான் இன்றும் தகராறு.

முதல் வேட்பாளர்கள், சூரியனைப்போல் 4 முதல் 8 மடங்கு நிறையுள்ள, வாழ்வின் கடைசிக் கட்டத்திலிருந்த பெருமீன்கள். அவற்றின் வெப்பச்சலன அடுக்கின் அடிப்பகுதியே ஹைட்ரஜன் எரியும் அளவுக்குச் சூடேறுவதால், வெந்த பொருள் நேராக மேற்பரப்புக்கு வந்து மெதுவான காற்றாக வெளியேறும். கொத்தின் ஈர்ப்பை மீறி ஓடிவிடாது. ஆனால் அவை ஆக்சிஜனை அழிக்கும் அதே வெப்பத்தில் சோடியத்தையும் பிற்பாடு அழிக்கத் தொடங்குகின்றன. கண்ட எதிரிணைவை வரவழைக்க வேண்டுமானால் புதிய வளிமம் சரியான அளவில் சரியான நேரத்தில் வந்து கலக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் வேட்பாளர்கள், மிக வேகமாகச் சுழன்று தம் விளைபொருளை நடுக்கோட்டு வழியே உதறிய பெருநிறை மீன்கள். மூன்றாமவை, ஒன்றிலிருந்து ஒன்று பொருளை உறிஞ்சும் இரட்டைகள். நான்காவது, சூரியனைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் நிறை கொண்டிருக்கக்கூடிய அதிநிறை மீன். பாவெல் டெனிசென்கோவ், டேவிட் ஹார்ட்விக் இருவரும் 2014-இல் முன்வைத்த இதன் நடுப்பகுதி வெப்பம் மெக்னீசியத்தை எரிக்கப் போதுமானது.

எல்லோரையும் ஒருசேர இடறும் கல் நிறைக் கணக்கு. முதல் தலைமுறை மீன்கள் வெளியேற்றக்கூடிய வெந்த பொருள், அவற்றின் மொத்த நிறையில் சிறு பங்குதான். ஆனால் அதிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் மீன்கள் கொத்தில் பெரும்பான்மை. கொத்து தொடக்கத்தில் பத்து மடங்குக்கு மேல் பெரிதாக இருந்து, முதல் தலைமுறையை மட்டும் உதிர்த்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தார்கள். ஃபோர்னாக்ஸ் என்னும் குறுமண்டலத்தில் (சிறிய விண்மீன் மண்டலத்தில்) சோரன் லார்சன் குழு 2012-இல் செய்த கணக்கு அதற்கு இடம் தரவில்லை: அங்கே இரும்பு மிகக் குறைந்த மீன்களில் பெரும் பங்கு இன்னும் கொத்துகளுக்குள்ளேயே இருக்கிறது, உதிர்ந்தவை எல்லாம் அவற்றிலிருந்தே வந்தவை என்று வைத்தாலும் கொத்துகள் நான்கு, ஐந்து மடங்குக்கு மேல் பெரிதாக இருந்திருக்க முடியாது.

லித்தியமும் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. சோடியத்தை ஆக்கிய அடுப்பில் லித்தியம் ஒரு துளியும் மிஞ்சியிராது. எனவே சோடியம் மிக்க மீன்களில் லித்தியம் குறைந்திருக்க வேண்டும். மெசியே 4-இன் செம்பெருமீன்களில் இரு வகையினரிடமும் லித்தியம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. வெந்த பொருளைத் தந்தவை தாமே லித்தியத்தையும் ஆக்கியிருக்க வேண்டும், அல்லது புதிய வளிமம் பெருமளவில் கலந்திருக்க வேண்டும். என் பார்வையில், இன்று எந்த ஒரு வேட்பாளரையும் முழு வாரிசுச் சான்றிதழோடு ஏற்பதற்கில்லை.

ஹீலியமும் மாறுகிறதா?

மாற வேண்டும், ஏனெனில் ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது ஹீலியம்தான். ஆனால் செம்பெருமீனின் குளிர்ந்த ஒளிமண்டலத்தில் ஹீலியம் வரி எழுப்புவதில்லை. மேலேயுள்ள நிறமண்டலத்தில் எழும் 10,830 ஆங்ஸ்ட்ராம் வரியை வைத்துச் சில கொத்துகளில் முயன்றிருக்கிறார்கள். வலுவான சான்று வேறு பக்கமிருந்து வந்தது. என்ஜிசி 2808-இன் முதன்மைத் தொடர் மூன்று இழைகளாகப் பிரிந்திருப்பதை ஹபிள் தொலைநோக்கிப் படங்களில் ஜாம்பாலோ பியோட்டோ குழு 2007-இல் காட்டியது. நிறையில் கால் பங்காக இருக்க வேண்டிய ஹீலியம் ஓர் இழையில் நாற்பது விழுக்காட்டை ஒட்டி உயர்ந்திருந்தால்தான் அது பொருந்துகிறது.

இரும்பைவிடக் கனமான தனிமங்கள்?

பெரும்பாலான கொத்துகளில் பேரியம், யூரோப்பியம் முதலியவை சோடியத்தோடு சேர்ந்து ஆடுவதில்லை. மெசியே 15 விலக்கு: அங்கே யூரோப்பியம் செம்பெருமீனுக்குச் செம்பெருமீன் பல மடங்கு வேறுபடுகிறது, ஆனால் சோடியத்தைப் பொருட்படுத்தாமல். இரண்டும் வெவ்வேறு கைகளிலிருந்து வந்த சொத்து.

ஒமேகா சென்டாரியை ஏன் தனியாகப் பேசுகிறார்கள்?

இரும்பு ஒன்றே என்ற விதியை அது மீறுகிறது. அதன் செம்பெருமீன்களில் இரும்பின் எண் மைனஸ் 2-ஐ ஒட்டித் தொடங்கி மைனஸ் 0.5 அளவுவரை நீள்கிறது. முப்பது மடங்கு வேறுபாடு. இரும்பைத் தருபவை சூப்பர்நோவாக்கள். அவற்றின் வேகமான வெளியேற்றத்தைப் பிடித்து வைத்து, அதிலிருந்து மீண்டும் மீண்டும் மீன்களைப் பிறப்பிக்க வேண்டுமானால் ஆழமான ஈர்ப்புக் குழி வேண்டும். சூரியனைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறையுள்ள இது, பால்வழி விழுங்கிவிட்ட ஒரு குறுமண்டலத்தின் எஞ்சிய நடுப்பகுதி என்றே இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். தனுசுக் குறுமண்டலத்தின் நடுவில் இப்போதும் மெசியே 54 அமர்ந்திருப்பதைப் பார்த்தால் அந்தக் கருத்து மிகையாகப் படவில்லை. வியப்பு என்னவென்றால், ஒமேகா சென்டாரியில் ஒவ்வொரு இரும்பளவுக்குள்ளும் தனித்தனியே சோடியம்–ஆக்சிஜன் எதிரிணைவு பெரும்பாலும் தென்படுகிறது.

கொத்துக்கு வெளியே சோடியம், நைட்ரஜன் மிகுந்த மீன்கள் அறவே இல்லையா?

சில உண்டு. பால்வழியின் வெளிமண்டலச் செம்பெருமீன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று, கொத்துகளின் சோடியம் மிக்க மீன்களைப் போன்ற கலவையோடு திரிகின்றன. கொத்துகளிலிருந்து உதிர்ந்தவை அல்லது முற்றிலும் கலைந்துபோன கொத்துகளின் பிள்ளைகள் என்று அவற்றைக் கொள்கிறார்கள். தொலைதூரத்திலும் ஒரு தடயம் இருக்கிறது: பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளில் ஒளிர்ந்த ஜிஎன்–இசட்11 என்னும் மண்டலத்தில் எதிர்பாராத அளவு நைட்ரஜன் இருப்பதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் காட்டியது. அது உருவாகிக்கொண்டிருக்கும் கோளக் கொத்தின் அடையாளமாக இருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள்.

இந்த அளவீடுகளை எவ்வளவு நம்பலாம்?

ஒரே குழு ஒரே முறையில் ஒரே கொத்துக்குள் செய்த ஒப்பீட்டை மிகவும் நம்பலாம். வெவ்வேறு குழுக்களின் எண்களை நேருக்கு நேர் வைக்கும்போது கவனம் வேண்டும். வெப்பநிலையை 100 கெல்வின் தவறாகக் கொண்டால் இரும்பளவு இருபது, இருபத்தைந்து விழுக்காடு வழுவிவிடும். என்ஜிசி 6752-இல் நடந்தது நல்ல பாடம். செம்பெருமீன் பருவத்துக்கும் அடுத்த கட்டத்தில் நிற்கும் மீன்களில் சோடியம் மிக்கது ஒன்றுகூட இல்லை என்று 2013-இல் ஒரு குழு அறிவித்தது. சோடியம் மிக்கவை அந்தக் கட்டத்தை எட்டாமலே முடிந்துவிடுகின்றன என்ற பொருளில் அது பெரும் பரபரப்பாயிற்று. 2016-இல் மற்றொரு குழு அதே மீன்களை இன்னும் நுணுக்கமான நிறமாலையில் அளந்து, மிதமாகச் சோடியம் கூடியவை அங்கே இருக்கின்றன, மிகத் தீவிரமானவை மட்டுமே இல்லை என்று காட்டியது. அடர்த்தி குறைந்த வளிமண்டலங்களில், அணுக்கள் வெப்பச் சமநிலையில் இருப்பதாகக் கொள்ளும் கணக்கு எங்கே தவறுகிறது என்பதே அந்தச் சர்ச்சையின் மையம்.

இந்தக் கொத்துகளை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?

முடியும். தமிழ்நாடும் இலங்கையும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குக் கிட்டாத ஒமேகா சென்டாரி நமக்குத் தெற்கே நன்றாகவே எழும்புகிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் அது உச்சம் தொடும்போது ஜவ்வாது மலையின் காவலூரிலிருந்து சுமார் 30 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியிலிருந்து 34 பாகை உயரத்திலும் நிற்கும். இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கே மங்கிய மீனாகத் தெரியும். தாலமி அதை ஒரு மீன் என்றே பட்டியலிட்டார். தனி மீன் அல்ல என்று 1677-இல் குறித்தவர் எட்மண்ட் ஹாலி. சுமார் 6,000 ஒளியாண்டுத் தொலைவில், நமக்கு மிக அருகிலுள்ள கொத்துகளில் ஒன்றான மெசியே 4-ஐக் காண, ஜூன், ஜூலை மாதங்களில் கேட்டையைப் பிடித்து, அதற்கு மேற்கே ஒன்றேகால் பாகை தள்ளி இருகண்ணோக்கியைத் திருப்பினால் போதும். சிறு தொலைநோக்கியில் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் புள்ளிகளுள் ஒளி மிக்கவை பெரும்பாலும், மேலே பேசிய அதே செம்பெருமீன்கள்தான்.